குலசேகரத்துல மழையா

ரெண்டு நைட்டி, பையனின் டிசி,
மிக்சியின் பெரிய ஜார், ரவுட்டர்.
மாசாமாசம் பணம் கட்டினது நான்தான் என்பதால்
ரவுட்டரை எடுத்தேன். வேறு கணக்கில்லை.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் காயும் வாடைக்குப் பின்னால்
ஒரு வாடகை வீடு.
முகவரியை அம்மைக்கும் சொல்லவில்லை.
பச்சை விளக்கு எரிந்தது. பெயர் பழையதுதான்:
பெர்லின்_சைனி_ஹோம்.
மாற்றணும், மாற்றணும் என்று
பள்ளிக்கூடமே திறந்துவிட்டது.

போனில் மேப்பைத் திறந்தால்
நான் இன்னும் மணவாளக்குறிச்சியில் இருந்தேன்,
ரெண்டு பஸ் தள்ளி,
மீன்சட்டி கழுவும் இடத்தில்,
நீலப்புள்ளியாய்த் துடித்துக்கொண்டு.
ரவுட்டர் நிற்கும் இடத்தை
எங்கோ எழுதிவைத்திருக்கிறார்களாம்.
அது வீடு மாறியதை அங்கே யாரும் போய்ச் சொல்லவில்லை.
நல்லது, கிடக்கட்டும் என்றேன்.

அவனுடைய டேப்பில் என் கணக்கு
திறந்தே கிடந்தது அப்போது தெரியாது.
ஆளில்லாத அடுக்களையில் நான் நிற்பதை
தனியே சோறு தின்றபடி பார்த்திருப்பான்.

பிறகு பால்காரர் வந்தார்.
மீன்கார ததேயு, சிலிண்டர் பையன்,
வேதப்புத்தகத்தோடு ரெண்டு அக்காமார்.
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டைத் தாண்டிப் போனார்கள், அவ்வளவுதான்.
பையில் கிடந்த போன் கேட்டுக்கொண்டது,
போய்ச் சொன்னது:
இந்த வளைவில், பலாமரத்துக்கு எதிரே.

செவ்வாய்க்கிழமை புள்ளி இடம் மாறியது.
புதன் ராத்திரி அழைத்தான்,
ரெண்டு மாசத்தில் முதல்முறை.
பையனைப் பற்றி ஒரு வார்த்தையில்லை.
‘குலசேகரத்துல மழையா?’
அங்கே ஒரு துளி இல்லையாம்.
ஓட்டில் விழுந்த சத்தத்தை
உள்ளங்கையால் பொத்தினேன்.

மொபைல் கடை விஜிலா கணக்கை எல்லா இடத்திலும் மூடினாள்.
பெயரிலிருந்து பெர்லினை எடுத்தாள்,
ஒரு வால் ஒட்டினாள்: அண்டர்ஸ்கோர் நோமேப்.
‘இது இருந்தா எழுதமாட்டாங்க அக்கா.
ஆனா இனியும் யாராவது வந்து
புதுப்பேரை வாசிச்சிட்டுப் போகணும்.
பெறவுதான் பழசை அழிப்பாங்க.’

காலையில் ததேயுவின் ஹாரன்.
கேட்டடியில் நிறுத்தி விலை கேட்கிறேன்.
நெத்திலி என்ன விலை, சாளை என்ன விலை,
இந்த அயலை நேற்றையதா?
சட்டைப்பையில் அவர் போன் மினுங்குகிறது.
‘எடுக்குதியா இல்லியா பிள்ளே?’
கொஞ்சம் நில்லும், அண்ணே.
அந்தக் கணவாயையும் ஒருமுறை காட்டும்.