தற்காலிகமாக வெளியே

1865, டிசம்பர் முப்பத்தொன்று.
பனிக்குள் நடந்து வந்து எண்ணியிருக்கிறார்கள்:
பசு இரண்டு, செம்மறி ஏழு,
விதைத்த உருளைக்கிழங்கு மூன்று பீப்பாய்.
குன்வோர், கைம்பெண், நாற்பத்தொன்று.
மகன் தார்யெய், பதினேழு.
என் தாத்தாவின் தாத்தா.

கோதுமைக் கணக்கை முடித்துவிட்டு
டகோட்டாவின் இரவில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிறேன்.
எங்கள் தபால்பெட்டியில் எழுதியிருக்கும் பெயர்
இந்தப் பக்கத்தில் ஆளுடையதே அல்ல,
குத்தகைக் காட்டின் பெயர்.
நிலம் மாறினால் அங்கே பெயரும் மாறுமாம்.
கடல் தாண்டி வந்தவனிடம் மட்டும்
மண்போல ஒட்டிக்கொண்டது.

அடுத்த கணக்கு 1875.
அவன் கப்பலேறி ஏழு வருஷம்.
இங்கே மனைவி, இரண்டு பிள்ளை, நூற்றறுபது ஏக்கர்.
அங்கே அவனைத் தேடவில்லை நான்,
அவளைத்தான்.

பசு ஒன்று. செம்மறிக் கட்டத்தில் ஒரு கோடு.
குன்வோர், ஐம்பத்தொன்று.
அப்புறம், பக்கத்தின் அடியில்,
தற்காலிகமாக வெளியே இருப்போர்:
தார்யெய், மணமாகாதவன்.
இருக்குமிடம், அனுமானமாக, அமெரிக்கா.

எழுதியவர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது.
சந்தைக்குப் போனவனை எழுதுகிற
அதே மையில்
எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.