தலையணை உறை

கத்தரிக்கோல் வேண்டாம்.
ஊசியில் நூல் கோக்க
எங்கள் ஐவரில் ஒருவருக்கும் கண் போதாது.
டாலர் கடையில் பெரிய ஊக்கு ஓர் அட்டை,
ஒன்றே முக்கால் டாலர்.
செலவு அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தோம்.

மற்றதெல்லாம் அலமாரியிலேயே இருக்கிறது.
மேவிஸின் குளியலறைத் திரை.
செல்பியின் நீளக் கம்பளி உள்ளாடை:
உள்ளே போட்டால் அது குளிருக்கு,
கால்சட்டைக்கு மேலே போட்டால் அதுவே வேடம்.
இரண்டு நூற்கண்டு திணித்தால்
மார்புக்கச்சை எந்த ஆணுக்கும் பொருந்தும்.
இடது பூட்ஸை வலது காலில் மாட்டுவது
நியூஃபவுண்ட்லாந்தின் பழைய வழக்கம்.
இடுப்பு மாற்றிய லியாண்டர் முடியாது என்றார்.
சரி, முடியாது.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்,
எங்களில் ஆளே பாதி, மீதி டைட்டானியம்.

முகத்துக்குத் தலையணை உறை.
துளை போடாதே.
நாற்பது வருடம் தலை உரசிய இடத்தில்
துணி தானாகவே நைந்திருக்கும்.
அந்தப் பக்கத்தைக் கண்ணுக்கு நேரே திருப்பு.
உலகம் பாலில் விழுந்த மாதிரி தெரியும்,
ஆனால் தெரியும்.
பல்செட்டைக் கழற்றிப் பையில் வை.
மூச்சை உள்ளே இழுத்தபடி பேசு,
உன் குரல் உனக்கே அந்நியமாகும்.
இருமல் வந்தால் நிறுத்து.

கிறிஸ்துமஸ் கழிந்த ஏழாம் இரவு,
விரிகுடாவிலிருந்து காற்று சன்னலை அறைய,
முதியோர் குடியிருப்பின் நடைவழியில் கிளம்பினோம்.
'வேடக்காரர் வரலாமா?'
முதல் கதவைத் திறந்த எஃபி டிசர்ட்
எங்களைப் பார்க்கக்கூட இல்லை.
'கிரீச்சிடும் தள்ளுவண்டி, சிரில் கீப்பிங்.
மூன்று கால் தடி, நீ.
சாய்ந்து நடப்பது லியாண்டர், வேறு யார்?'
கண்டுபிடித்தால் முகம் காட்ட வேண்டும், அதுதான் சட்டம்.
காட்டினோம்.
அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சலவை அறையில் ஒதுங்கி
தடிகளை மாற்றிக்கொண்டோம்.
சிரிலின் வண்டி எனக்கு,
என் தடி செல்பிக்கு.
சிரிலின் குனிவு என் முதுகில் ஏறியது.
இவ்வளவு தாழ்விலிருந்தா இவர் தினமும்
எனக்குக் காலை வணக்கம் சொல்கிறார்?

அதன் பிறகு ஒன்பது கதவுகள்,
ஒருவரும் எங்களைக் கண்டுபிடிக்கவில்லை.

பதினான்காம் அறையில் எல்ஃப்ரீடா ரைட்அவுட்.
'அம்மாவுக்கு இப்போது முகமே அடையாளம் தெரிவதில்லை,'
மகள் கோரலி மெல்லச் சொன்னாள்.
'இன்றைக்கு யாருக்குமே தெரியாது, கண்ணே,'
திரைக்குள்ளிருந்து மேவிஸ்.

எல்ஃப்ரீடா லியாண்டரின் நூற்கண்டைக் கிள்ளிப் பார்த்தாள்.
சிரித்தாள்.
பிறகு செல்பியை நோக்கி விரல் நீட்டி,
'ஹெசக்கையா,' என்றாள்.

அவள் அண்ணன்.
சீல் வேட்டைக்குப் பனிக்கட்டிமேல் போனவன்.
அறுபது வருடம் இருக்கும்.

சரியென்றால் உறையைக் கழற்ற வேண்டும்.
தவறென்றால் தலையாட்ட வேண்டும்.
செல்பி இரண்டும் செய்யாமல் நின்றார்.
என் தடியால் தரையில் ஒரு தட்டு,
குதிகாலால் ஒரு தட்டு,
பிறகு வேகமாக நாலைந்து.
எண்பத்தொரு வயது முழங்கால்
எப்படியோ கூடவே வந்தது.

எல்ஃப்ரீடா கைதட்டி முடித்துக் கையை நீட்டினாள்.
'என் நான்கு டாலர் எங்கே, ஹெசக்கையா?'

உள்ளாடைக்குப் பை கிடையாது.
மூச்சை உள்ளிழுத்தபடியே செல்பி எங்களைக் கெஞ்ச,
கோட்டுக்குள்ளும் கையுறைக்குள்ளும் துழாவி
ஆளுக்கொரு டாலர் எடுத்தோம்.
ஐந்து நாணயம்.
அவள் இரண்டு தடவை எண்ணினாள்,
ஒன்றைத் திருப்பித் தந்தாள்:
'வட்டி வாங்க நான் என்ன வங்கியா?'

ஆக, ஊக்கோடு சேர்த்து ஐந்தே முக்கால்.

உறையை அன்றிரவே தலையணைக்கு மாட்டினேன்.
உள்ளே பழக்கேக் துணுக்குகள்,
உதறச் சோம்பல்.
மிஞ்சிய அந்த ஒரு டாலர் யாருடையது என்று
காலையுணவு மேசையில்
இன்னும் சண்டை ஓயவில்லை.
செல்பி மட்டும் பேசுவதில்லை.
ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறார்,
மேசைக்கடியில்
குதிகால் ஒரு தட்டு.