சந்தனம் கடை

தலவாக்கலையில்
பெயர்ப்பலகை இல்லாத கடை.
"என்ன இருக்கு?" என்று கேட்டால்
"மழை இருக்கு" என்பார் சந்தனம்.
முகத்தைப் பார்த்து அவரே முடிவெடுப்பார்:
எனக்கு எந்நாளும் ரொட்டியும் கட்டச் சம்பலும்,
கண்டக்டர் நிமலுக்கு மட்டும் முட்டை.
ஏனென்று கேட்டவன்
வெறும் பிளேன்டீயோடு எழுந்து போனான்.

உறைப்புக் கூடிப்போச்சு என்றால்
கரண்டியாலேயே வாசலைக் காட்டுவார்:
"போய் ரெண்டு வாய் பனி முழுங்கிட்டு வா."

கொழுந்து நிறை குறைந்து
அரைப் பேர் விழுந்த அன்று
செல்வமேரி யாரிடமும் பேசவில்லை.
தட்டில் வந்தது ஒன்றரை ரொட்டி.
"அரை என்னத்துக்கு?"
"கணக்கப்பிள்ளை வெட்டினது
இங்கதான் வந்து கிடந்துச்சு."

ஒன்றுக்குத்தான் காசு எண்ணினார்,
அதையும்
தப்பாக.