மௌனத்தாருக்கு மைக் செட்

வாய் திறக்காத மனிதருக்கு
ஆறு ஹாரன் கட்டியவன் நான்.
சவுக்குத் தோப்பில் நாலு,
உப்பனாற்றைப் பார்த்தபடி ரெண்டு.
கடலூர் முதுநகரில் கேட்டுப் பாருங்கள்,
திருவேங்கடம் சவுண்ட் சர்வீஸ் என்றால்
மீன் ஏலம் விடுகிறவனுக்கும் தெரியும்.

புயல் என் செட்டையெல்லாம் தூக்கி
ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் போட்ட வருஷம்.
தவணைக்காரன் வீட்டுக்குள் வந்து
மிக்ஸியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான்.
மறுநாள் அங்கே போனேன், வேலை கேட்கத்தான்.
அவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்:
சாப்பிட்டாயா.
கேள்விக்குறிகூட இல்லை.
நாற்பத்தொரு வயதில் நான் அழுததை
எல்லோரும் பார்த்தார்கள்.
எல்லோரும் ஒருநாள் அங்கே அப்படி அழுதவர்கள்தான்.
யாரும் சிரிக்கவில்லை.
அதுதான் அந்த இடத்தின் பூட்டு என்று
அப்போது தெரியாது.

சிலேட்டைத் துடைப்பது பெரிய பேறு.
அதற்கு முறை வைத்துச் சண்டை.
சர்க்கரை ஆலையில் கணக்கெழுதிய ஞானாம்பாள்
ஈரத்துணியோடு வலப்பக்கம் நிற்பாள்.
அவர் எழுதுவார், நாங்கள் படிப்போம், அவள் துடைப்பாள்.
மூன்று மூச்சுக்குள்
எதுவும் சொல்லப்படவில்லை என்றாகிவிடும்.
சீட்டுப் பணத்தைக் கொடுத்துவிடு.
அண்ணனோடு பேச்சு வேண்டாம்.
மகளை இங்கேயே விட்டுப் போ.
எல்லாம் எங்கள் வாயால், எங்கள் குரலில்,
என் மைக்கில்.

ஒரு ராத்திரி கோமளவல்லி கேட்டாள்,
அங்கே ஆட்களை எதற்குப் பூட்டி வைக்கிறார்கள் என்று.
பதினோரு நாள் அவளோடு பேசவில்லை நான்.
எனக்கும் மௌனம் கைவந்துவிட்டதென்று
பெருமையாக இருந்தது.

பின்கட்டு அறைக்குத் தவம் என்று பெயர்.
யார் போகவேண்டும் என்பது வாசிக்கப்படும்.
கதவு சாத்தியதும் பஜனை,
குமிழ் எட்டில்.
எட்டு ஏன் என்று நான் கேட்டதில்லை.
ஐந்தில் வைத்தால் கேட்கும் என்று
விரலுக்குத் தெரிந்திருந்தது.

ஆடி வெள்ளி ஒன்றில் கரண்ட் போனது.
ஜால்ரா ரெண்டு தட்டு தட்டிவிட்டு
தானாக அடங்கியது.
சிப்காட் பக்கத்துக் காற்றில் மருந்து நெடி.
அப்புறம் பின்கட்டிலிருந்து
பொற்கொடியின் குரல்.
பத்தொன்பது வயதுப் பெண்.
வார்த்தை இல்லை.
வார்த்தையாக இருந்திருந்தால்
அர்த்தம் மாற்றிச் சொல்லியிருப்போம்.

இருநூறு பேர் இருந்தோம்.
ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர்,
ஜி.எச். நர்ஸ் ஒருத்தி,
அவளைப் பெற்றவள்.
ஒருவரும் பின்கட்டைப் பார்க்கவில்லை.
அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்,
விக்கலெடுத்தவன் சொம்பைப் பார்ப்பதுபோல.

ஓடினேன்.
கதவுப் பக்கம் இல்லை.
ஜெனரேட்டர் கயிறு மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
சத்தம் திரும்பியதும் யாரோ தேம்பினார்கள்,
யாரோ அருள் என்றார்கள்.
பெற்றவள்தான் எல்லோரையும்விட உரக்கப் பாடினாள்.
நல்லவேளை என்று நினைத்தேன்.
அந்தச் சொல்லை இப்போது
வாயில் வைக்க முடிவதில்லை.

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வக்கீல் கேட்டார்,
ஏமாந்துபோனீர்களா என்று.
ஆமாம் என்றேன்.
தட்டச்சு செய்துகொண்டார்கள்.
ஏமாந்தவனுக்கு எட்டு எதற்கு என்று
யாரும் கேட்கவில்லை.

வராந்தாவில் அவள் நின்றிருந்தாள்.
பாண்டியில் ஒரு துணிக்கடையில் வேலையாம்.
தோளில் டிபன் பை, இடது காதில் மெஷின்.
திட்டுவாள் என்று தலையைக் குனிந்தேன்.
கடை மூடும் நேரத்தில் கல்லாவை எண்ணுகிறவள்போலக் கேட்டாள்:

அண்ணே, அன்னிக்கு ஜெனரேட்டருக்கு
பெட்ரோல் யார் காசு?

அவர்கள் கொடுத்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.
சேவையாக இருக்கட்டும் என்று
முந்தின நாளே, என் காசில்,
கேன் நிறைய
வாங்கி வைத்திருந்தேன்.