[ஃபிரிட்ஜ் இரைகிறது]

நாற்பத்தொரு நிமிடம்.
குத்தாயிசியில், நோதார் வீட்டு விருந்து.
செல்பேசியில் நான் எடுத்தது.
மனைவியின் தங்கை லாமாரா கேட்டாள்.
கேட்டாள் என்றால்,
எழுதிக் காட்டினாள்:
"அன்று எல்லாரும் என்னதான் பேசினீர்கள்?"

லாமாரா பல் செய்பவள்.
மெழுகிலும் பீங்கானிலும்
பாதி ஊரின் வாய் அவள் மேசையில் கிடக்கிறது.
உதடு படிப்பாள்.
ஆனால் நோதாரின் மீசையை யார் படிப்பது?
வாழ்த்துரைக்கு எழுந்தால் கால் மணி நேரம்
மீசை ஏறும், மீசை இறங்கும்.
எல்லாக் கோப்பையும் உயர்ந்த பிறகு
அவள் கோப்பை உயரும்,
ஒரு கணம் பிந்தி.
எப்போதும் அந்த ஒரு கணம்.

இப்போது அந்தக் கணத்தோடுதான் என் மல்லுக்கட்டு.
சப்டைட்டில் எங்கே தோன்ற, எங்கே மறைய,
இரவு இரண்டு மணிக்கு
நொடியைத் துண்டு துண்டாக நறுக்குகிறேன்.
"போனவர்களுக்காக" என்று தொடங்கிய நோதார்
ஏழு பெயர் சொல்லி, மூச்சு வாங்கி,
எட்டாவதை மறந்து நிற்கிறார்.
மறந்ததை எப்படி எழுத?
மூன்று புள்ளி வைத்தேன். பொய்யாக இருந்தது.
எடுத்தேன்.
அடியில் எழுத்தே இல்லாமல்
அவர் நிற்கிறார், கோப்பை நடுங்க.

பிறகு பாட்டு. மூன்று குரல்.
[பாடுகிறார்கள்] என்று எழுதிவிட்டு
வெட்கப்பட்டு அழித்தேன்.
[கீழ்க்குரல் தரைபோல் கிடக்கிறது,
நடுக்குரல் அதன்மேல் நடக்கிறது,
மேற்குரல், லெவானி, சற்றே பிசகுகிறான்]
பாதித் திரையை அடைத்தது, பாடுகிறவர் வாயையும் சேர்த்து.
[லெவானி பிசகுகிறான்] என்பதை மட்டும் விட்டேன்.
அவன் எப்போதும் அப்படித்தான்.

இருபத்துமூன்றாம் நிமிடம், பதினான்காம் நொடி.
லாமாரா லெவானியின் கையைத் தொட்டு
புருவம் உயர்த்துகிறாள்: என்ன சொல்கிறார்?
லெவானி விழிக்கிறான், கேமராவைப் பார்க்கிறான்.
மைக்குக்கு மிக அருகில்,
நோதாரைவிட, பாட்டைவிட, தட்டுகளைவிடத் தெளிவாக
ஒருவன் சொல்கிறான்:
விடுடா, சும்மா தலையாட்டு. அவளுக்கு அது போதும்.

படம் பிடித்தவன்.

ஆறு முறை ஓடவிட்டேன்.
[சலசலப்பு] என்று போடலாம்.
[தெளிவில்லை] என்றும் போடலாம்.
காது உள்ளவர் எவரும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை,
இத்தனை வருடம் காட்டிக்கொடுத்தோமா என்ன.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.
வந்து, பெயரோடு தட்டினேன்:

மமூகா: விடுடா, சும்மா தலையாட்டு.
அவளுக்கு அது போதும்.

படிக்க இரண்டு நொடி போதும்.
நான்கு கொடுத்தேன்.

அனுப்பிய மறுநாள் பதில் இல்லை.
அதற்கு மறுநாள் மழை,
ரியோனி ஆறு பழுப்பாக ஓடியது,
மனைவி என்னிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினாள்.
வியாழக்கிழமை வந்தது:

"எட்டாவது பெயர் ஓத்தாரி. நோதாரிடம் சொல்லிவிடு.
23:14 அரை நொடி பிந்தி வருகிறது.
அதற்கு முன்பே நீ வாய் திறந்துவிட்டாய்.
பாத்திர அலமாரியின் கண்ணாடியில் தெரிந்தாய்.
அன்றைக்கே தெரிந்தாய்.
இன்னொன்று. ஆரம்பத்தில், ஆள் வருமுன்,
வெறும் மேசைக்கு அடியில் போட்டிருக்கிறாயே,
ஃபிரிட்ஜ் இரைகிறது என்று.
அது இரையுமா?
எங்கள் வீட்டில் இருப்பதுமா?"

அரை நொடியை முன்னே தள்ளினேன்.
மன்னிப்பு ஒன்றை எழுதினேன், நீளமாக.
நாற்பது எழுத்துக்கு மேல் போகிற வரியை
யாரும் படிப்பதில்லை என்று
இந்த மாதம்தான் கற்றிருந்தேன்.
அனுப்பவில்லை.

ஞாயிறு அவள் சமையலறையில்
ஃபிரிட்ஜ் கதவில் காது வைத்து நின்றேன்.
இரைகிறது, என்றேன், உதட்டை அகல விரித்து.
பீங்கான் தூள் ஒட்டிய உள்ளங்கையை
என் முகத்தருகே கதவில் பதித்தாள்.
காத்திருந்தோம்.
இரண்டு பேரும் தலையாட்டவில்லை.

உள்ளே ஏதோ ஒருமுறை உதறி, நின்றது.
நான் சொல்ல வாயெடுக்குமுன்
அவள் கையை எடுத்துவிட்டாள்.