கூடுதல் குறைவு இருப்பினும்

வெள்ளகோவில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் மிஷினுக்கும் பேக்கரிக் கண்ணாடிக்கும் நடுவில்
என் மேசை.
டைப் அடிப்பதும் நான், கணக்குப் போடுவதும் நான்.

பழைய கிரயத்தில் 'கொரங்காடு, வள்ளம் ஒன்று.'
பட்டாவில் ஒன்று, ஐம்பத்துநாலு, ஐந்து.
ஹெக்டேரும் ஏரும் புள்ளி வைத்துப்
பாகம் பிரிந்து நிற்கின்றன.

"வள்ளம்னா நாலு ஏக்கருங்க" என்றார் ராயப்பன்.
"மூணு எம்பத்திரண்டு" என்றாள் அக்கா தெய்வாத்தாள்,
சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை
அவிழ்த்துப் போடுகிற மாதிரி.
சென்னை மாப்பிள்ளை போனைத் தடவி
"அறுபத்தொம்பது கிரவுண்டு வருது" என்றார்.
யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரை இரண்டு புள்ளி நாலு ஏழு ஒன்றால் பெருக்கினேன்.
முன்னூற்று எண்பத்தொன்றே முக்கால் சென்ட்,
அதற்கு மேல் ஒரு துளி.
அக்கா சொன்னதற்குக் கால் சென்ட்கூடக் குறையவில்லை.
சதுர அடியில் தொண்ணூற்றேழு.

அடியில் சொன்ன பிறகுதான் அது இடமானது.
ஹெக்டேரில் எழுதினால்
புள்ளிக்குப் பின்னால் மூன்று சுழியம் கடந்து
ஓர் ஒன்பது தனியாக நிற்கும்.
அடியில் ஓர் எருமை கன்றோடு படுத்து
அசை போடலாம்.

"அப்ப அது யாரு பக்கம் போச்சுங்?"

சர்வேயர் டேப் பிடித்த அன்று நானும் போனேன்.
எனக்கு அங்கே வேலையில்லை.
என் புள்ளி எங்கே விழுந்ததென்று பார்க்கத்தான்.
எல்லைக்கல்லைக் கிளுவை விழுங்கியிருந்தது.
நட்டபோது ஒரு முழ வேலி,
இன்று நாலடி, சில இடத்தில் ஐந்தடி.
"நடுவுல வச்சுக்கலாங்களா?" என்றார் சர்வேயர்.
கிளுவைக்கு எது நடு?
உள்ளே இருந்து ஒரு கவுதாரி வெளியே ஓடி,
எங்களைப் பார்த்து, மறுபடி உள்ளேயே போனது.

வெட்டிவிட்டு அளக்கலாம் என்றார் ராயப்பன்.
"வெட்டிப்போட்டா மாட்டை நீ மறிக்கறயா?" என்றாள் அக்கா.

ஆளுக்கு எழுபத்தேழே கால் ஏர் என்று அடித்தேன்.
அதன் கீழே எல்லாப் பத்திரத்திலும் அடிக்கிற வரி:
'கூடுதல் குறைவு இருப்பினும்
நான்கு எல்லைக்கு உட்பட்டது.'

தெய்வாத்தாள் அந்த வரிமேல் விரலை வைத்தாள்.
"இது எத்தனை அடிங்?"

கூலியை எண்ணி வாங்கினேன்.
மீதி மூன்று ரூபாய்க்குச் சில்லறை இல்லை.
பேக்கரியில் மூன்று புளிப்பு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.
ஒன்றைத் தம்பியிடம் நீட்டினாள்.
இரண்டை வைத்துக்கொண்டாள்.