இரண்டு, இரண்டு, மூன்று

பிலோவ்திவ் நகரில் மூன்றாம் மாடி.
ஹீட்டர் அணைந்து நெடுநேரம்.

மென்பொருளுக்கு ஏழு என்றால் ஏழுதான்.
முதல் நான்கு சுரங்களின் தலைக்கு மேல்
ஒரே விட்டம் போட்டு,
மிச்ச மூன்றைத் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டது:
தகதிமி தகிட.

மாலை ஒத்திகையில்
கிளாரினெட் சப்ரியான்
பதினெட்டாம் கட்டத்தில் தடுக்கினான்.
“சுரமெல்லாம் சரி, ரூமியானா.
காலை எங்கே ஊன்றுவது?”

ஓடவிட்டுக் கேட்கிறாள்.
ஒலியில் ஒரு குறையும் இல்லை.
இது காதுக்குப் பொய் சொல்வதில்லை,
கண்ணுக்குத்தான்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே
சொடுக்கி, விட்டத்தை அறுக்கிறாள்.
தக. தக. தகிட.
அந்த மூன்றில்தான் ஆடுபவர்கள்
கொஞ்சம் எம்புவார்கள்;
அங்கே காற்று வேண்டும்.

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்.
அமைப்பில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்பது
எண்பதாவதில் தெரிகிறது.
தன்னையே திட்டிக்கொள்கிறாள்.
ஆனாலும் மிச்சத்தைக் கையால்தான் அறுக்கிறாள்.

மேசைக்கடியில்
இரட்டைக் காலுறை போட்ட பாதம்
எப்போது ஆடத் தொடங்கியதோ.

கீழ்வீட்டுக்காரர்
துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கிறார்,
சமமான இடைவெளியில்,
விட்டமே இல்லாமல்.